இடமிருந்தால் ஏறுகிறவள்

ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி முதல் தடவை கூப்பிட்டபோது அவள் அடுப்படியில் நின்றபடியே பயணத்தை முடிவு செய்துவிட்டாள். அம்மாவுக்கு மூச்சுத் திணறல், சேர்த்திருக்கிறோம், பயப்படும்படி ஒன்றுமில்லை, ஆனாலும் நீ வந்தால் நல்லது என்றான் அவன். ஃபோனை வைத்த கையோடு, வேலை செய்யும் விமானக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். மறுநாள் மத்தியானம் கடலுக்கு அந்தப் பக்கம் போகிற விமானத்தில் பின் வரிசைகள் காலியாகக் கிடந்தன.

கணவர் டயர் கடைக்குக் கிளம்பி, ஒரு காலில் செருப்போடு வாசலில் நின்றார்.

"டிக்கெட் போட்டுடு," என்றார்.

"டிக்கெட்டா? அவ்வளவு எடம் சும்மா கெடக்குது. கெணத்துத் தண்ணிய வெள்ளமா கொண்டுபோகப் போகுது? ஸ்டாஃப்ல பேரு குடுத்துட்டேன்."

"வரச் சொல்றான்ல. நிச்சயமா போற மாதிரி பாரு."

"அவன் எப்பவுமே அப்படித்தான். தும்மினா ஸ்கேன் எடுக்கறவன்."

விமானக் கம்பெனிக்காரர்களுக்கு அப்படி ஒரு சலுகை உண்டு. விற்காமல் மிஞ்சுகிற இருக்கையில் சொற்பக் காசுக்கு ஏறிக்கொள்ளலாம். மிஞ்சாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே அவள் பயணிகளுக்கு இருக்கை கொடுக்கிற கவுண்டரில் இருக்கிறாள். வரிசையில் கடைசியாக இருந்த கவுண்டரை யாரும் விரும்பாததால் அது அவளுக்கே என்றாகி, அவளும் கடைசிக் கவுண்டர் அக்கா ஆகிவிட்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் முழு டிக்கெட் வாங்கியதில்லை. வாங்குவது கௌரவக் குறைச்சல் என்றுகூடச் சொல்லலாம். ஹோட்டல்காரன் பக்கத்து ஹோட்டலில் போய்ச் சாப்பிடுவதைப் போல.

வீட்டில் இதைப் பற்றி நிறையக் கேலி உண்டு. தம்பி கல்யாணத்துக்குப் போனபோது மகளுக்கு ஒரு விமானத்திலும், கணவருக்கு அடுத்ததிலும், அவளுக்குக் கடைசியிலும் இடம் கிடைத்தது. அவள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "கப்பல்ல வந்தவ எல்லாம் சாப்பிட்டுத் தூங்கியாச்சு, பிளேன்ல வர்றவளத்தான் காணோம்" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். எதுவும் முழுகிப்போய்விடவில்லை. கடைசியில் எப்படியோ ஓர் இடம் கிடைத்துவிடும். அந்த 'எப்படியோ'வை நம்பியே அவளுடைய குடும்பம் இத்தனை வருஷம் ஊர் போய் ஊர் வந்திருந்தது.

வேறு எந்த வேலையில் இருப்பவளும் அன்று டிக்கெட் வாங்கியிருப்பாள்.

எஞ்சின் விஷயம் அவளுக்குத் தெரியாததல்ல. தினமும் ஸ்டாஃப் பஸ்ஸில் போகும்போது ஓடுபாதையின் கோடியில் நிற்கிற விமானங்களைப் பார்த்துக்கொண்டுதான் போனாள். ஒரு வகை எஞ்சினுக்குள் ஏதோ ஒரு பாகம் சொன்ன காலத்துக்கு முன்பே கெட்டுப்போகிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க வேண்டும். கழற்றிப் பார்க்கிற பட்டறைகள் உலகத்திலேயே கொஞ்சம்தான். அங்கே எல்லா நாட்டு எஞ்சின்களும் வரிசையில் கிடந்தன. மாற்றிப் போடப் பாகமும் இல்லை. இவர்கள் கம்பெனியில் பாதி விமானங்கள் எஞ்சின் இல்லாமல் நின்றன. இறக்கை மேலே தூக்கிக்கொள்ளாமல் இருப்பதற்காக எஞ்சின் தொங்கிய இடத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்பு எடைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். "பல்லு போன எடத்துல பாக்கு வெச்ச மாதிரி" என்பார் பஸ் டிரைவர். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் இன்னொரு விமானமும் கோடிக்குப் போனது. இரண்டு விமானத்துப் பயணிகளை ஒன்றில் ஏற்ற வேண்டியதாயிற்று. காலியாகக் கிடந்த பின் வரிசைகள் விடிவதற்குள் நிரம்பிவிட்டன. மறுநாள் மத்தியானம் பெட்டியோடு போய் நின்றவள் பெட்டியோடு திரும்பி வந்தாள்.

அதற்குப் பிறகுதான் டிக்கெட் தேடினாள். அந்த வாரம் முழுக்க இல்லை. அடுத்த வாரமும் இல்லை. அந்த ஊருக்குப் போகிற இன்னொரு கம்பெனிக்கும் அதே எஞ்சின், அதே கதி. மழைக்காலமானதால் கப்பல் ஓடவில்லை. கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நான் அப்பவே சொன்னேன் என்று அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருந்தது அவள் காதில் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி போயிற்று. காலையில் சீருடையோடு கவுண்டரில் உட்காருவாள். கவுண்டருக்கு அடியில், காலுக்குப் பக்கத்தில், அவளுடைய பை இருக்கும். அம்மா ஊருக்குப் போகிறவர்களின் பெட்டிகளில் அந்த ஊர்ப் பேர் போட்ட பட்டையை அவளே சுற்றி ஒட்டி அனுப்புவாள். பெட்டிகள் ஒவ்வொன்றாக பெல்ட்டில் உருண்டு, ரப்பர் திரையைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போகும். பெட்டிக்குக் கிடைக்கிற கொடுப்பினை.

"ஜன்னல் சீட்டு இல்லையாம்மா?" என்பார் ஒருவர்.

"நடு சீட்டுதான் இருக்கு சார்."

"நடுவுல எப்படி உக்கார்றது? ரெண்டு பக்கமும் முழங்கை இடிக்கும்."

"ஒரு தூக்கத்துல போயிடலாம் சார்," என்பாள். கக்கூஸ் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேகூட அவள் போகத் தயார்.

கவுண்டர் மூடுகிற நேரம் நெருங்கியதும் ஸ்டாஃப் கழிப்பறைக்கு ஓடிப்போய்ச் சீருடையைக் கழற்றி, சொந்த உடையை மாட்டிக்கொண்டு, கவுண்டரின் இந்தப் பக்கம் வந்து நிற்பாள். சீருடையோடு பயணம் போகக் கூடாது என்பது கம்பெனி விதி. கொஞ்ச நேரம் முன்பு வரை தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்து தலையாட்டி இல்லை என்பதைப் பார்ப்பாள். மறுபடி கழிப்பறை, மறுபடி சீருடை.

இதற்குள் அம்மாவை மெஷினில் போட்டிருந்தார்கள்.

"அக்கா, மெஷின்தான் மூச்சு விடுதாம்," என்றான் தம்பி. "அம்மா விடலையாம். இனிமே திரும்பாது, எடுத்துடலாம்ங்கறாங்க. எங்கக்கா வந்துடட்டும்னு கெஞ்சி வெச்சிருக்கேன். நாளைக்கு வந்துடுவல்ல?"

"நாளைக்கு வந்துடுவேன்டா."

மறுநாளும் அதையே சொன்னாள். அவள் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. யாராவது ஒருவன் தூங்கிப்போவான், யாராவது பாஸ்போர்ட்டை மறந்துவிட்டு வருவான், டாக்ஸி பஞ்சராகும். எத்தனை வருஷமாக இதையெல்லாம் பார்த்திருக்கிறாள். யாருக்காவது ஒரு சின்னக் கெடுதல் வரட்டும் என்று வேண்டிக்கொண்டு தலையணையில் கிடந்தாள். ஆனால் தட்டுப்பாட்டுக் காலத்தில் யாரும் தூங்கிப்போவதில்லை. கல்யாண வீட்டுக்காரர்களைப் போல நேரத்தோடு வந்து நின்றார்கள்.

மூன்றாவது தடவை 'நாளைக்கு' என்றபோது தம்பி மனைவி ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. வாயில குழா, மூக்குல குழா. உதடெல்லாம் புண்ணாயிடுச்சு. ஊசி போட எடமில்லாம கால்ல போடறாங்க. நீங்க பாக்கணுங்கறதுக்காகத்தான் அவங்கள வெச்சிருக்கோம். பிளேன் கம்பெனியில இருக்கறவங்களுக்கே பிளேன் கெடைக்கலேன்னா நான் இத எங்க போய்ச் சொல்ல?"

கேட்டவள் பதிலுக்காகக் கேட்கவில்லை.

டாக்டர் கடைசியாக ஒரு நாள் கொடுத்தார். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும். அதற்கு மேல் வைத்திருந்தால் அந்த அம்மாளுக்குத்தான் வேதனை என்றார். மத்தியான விமானம் கிடைத்தால் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அன்று அவள் லீவு போட்டுவிட்டாள். காலையிலிருந்தே சொந்த உடையில் வந்து நின்றாள். கணவர் கடையைத் திறக்காமல் கூட வந்தார். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வெளிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

கவுண்டர்களுக்கெல்லாம் மேற்பார்வை பார்க்கிற பெண் அவளை விடச் சின்னவள். எதற்கெடுத்தாலும் விதி என்ன சொல்கிறது என்று ஆரம்பிப்பதால் எல்லோரும் அவளை முதுகுக்குப் பின்னால் சட்டாம்பிள்ளை என்பார்கள். இது அவளுக்கும் தெரியும்.

"இன்னைக்கு எப்படி?" என்று சட்டாம்பிள்ளையிடம் கேட்டாள் அவள்.

"இருக்கற சீட்டுக்கு மேல வித்திருக்கான்க்கா. ஆனா நாலு பேரு வேற ஊர்லேர்ந்து மாறி ஏறணும். அவங்க வர்ற பிளேன் இன்னும் எறங்கல. இங்க உக்காருங்க. சாப்பிட்டீங்களா?"

"எறங்கிடுமா?"

"அத மேல இருக்கறவன்தான் சொல்லணும்," என்றாள் சட்டாம்பிள்ளை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தைத்தான் சொன்னாள். இரண்டு பேருக்குமே லேசாகச் சிரிப்பு வந்து, அப்படியே நின்றுவிட்டது.

கவுண்டர் மூடிற்று. அந்த விமானம் இறங்கவில்லை. சட்டாம்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், ஒரு போர்டிங் கார்டை அடித்து அவள் கையில் திணித்தாள்.

"ஓடுங்கக்கா. கடைசி வரிசை. ஆனா கதவு சாத்தற வரைக்கும்..."

"தெரியும்," என்றாள் அவள். அதற்குள் பாதி தூரம் போயிருந்தாள்.

விமானத்தில் பையை மேலே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு பெல்ட்டைப் போட்டு இறுக்கினாள். மூச்சு வாங்கியது. பக்கத்தில் ஒரு பெரியவர். அவளுடைய கம்பெனி அடையாள அட்டை பையில் தொங்குவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க இவங்க ஆளாம்மா? இந்த பிளேனுக்காவது எஞ்சின் இருக்குதா?"

"ரெண்டும் இருக்கு ஐயா. பாத்துட்டுத்தான் ஏறினேன்."

"இல்ல, கேட்டு வெச்சுக்கிட்டா நல்லதுன்னு," என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கதவு இன்னும் திறந்திருந்தது. அவளுக்குத் தெரியும். கதவு சாத்துகிற வரைக்கும் ஸ்டாஃப் ஏறியது ஏறியதாகாது. டிக்கெட் வாங்கிய ஒருவன் வந்துவிட்டால் பந்தியில் உட்கார்ந்தவனைக் கைபிடித்து எழுப்புவதைப் போல எழுப்பிவிடுவார்கள். இதெல்லாம் தெரிந்தவள்தான் ஃபோனை எடுத்து, 'ஏறிட்டேன்' என்று தம்பிக்கு அனுப்பினாள். அனுப்பாமல் இருக்க முடியவில்லை. அந்த ஒரு வார்த்தையை அடிக்க எத்தனை நாள் காத்திருந்தாள்.

உடனே பதில் வந்தது. 'அம்மா காதுல சொல்லிட்டேன்.'

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நடைவழியில் ஒருவர் வந்து நின்றார். தலையைத் தூக்காமலே யார் என்று தெரிந்தது. அந்தக் காலணிகளைத் தினமும் பார்க்கிறாள்.

"அக்கா," என்றாள் சட்டாம்பிள்ளை.

"எத்தனை பேரு?"

"நாலு பேரும் வந்துட்டாங்க. மூணு பேருக்கு எடம் இருக்கு."

அவள் பெல்ட்டைக் கழற்றப் பார்த்தாள். அது வரவில்லை. தனியாகப் பயணம் போகிற எத்தனையோ குழந்தைகளைக் கொண்டுவந்து உட்காரவைத்து மாட்டிவிட்ட பெல்ட். சட்டாம்பிள்ளை குனிந்து கழற்றிவிட்டாள். பெரியவர் கண்ணைத் திறந்து, "என்ன, எறங்கறீங்களா? எஞ்சின்ல ஏதாவதா?" என்று பதறினார். அவள் எழுந்து நடக்க, சட்டாம்பிள்ளை பையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

விமானத்தையும் கட்டடத்தையும் இணைக்கிற மூடிய பாலத்தில் எதிரே அந்த நாலாவது ஆள் வந்துகொண்டிருந்தான். முதுகில் பை, கையில் கசங்கிய போர்டிங் கார்டு, ஓடி வந்ததில் வியர்வை. சின்ன வயசுதான். அவள் வழியை மறித்து நின்றுவிட்டாள்.

"தம்பி, ஒரு நிமிஷம். அவசரமாப் போறீங்களா?"

"அக்கா, வேணாம்," என்றாள் சட்டாம்பிள்ளை பின்னாலிருந்து. "பயணி கிட்ட கேக்கக் கூடாதுக்கா. வேலை போயிடும்."

"போகட்டும். தம்பி, சொல்லுங்க. அங்க எதுக்குப் போறீங்க?"

அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "லீவுக்கு. வீட்டுக்கு."

"எங்கம்மா அங்க ஆஸ்பத்திரில இருக்காங்க. சாயங்காலம் மெஷின எடுத்துடுவாங்க. நான் இதுல போகலேன்னா பாக்க முடியாது. நீங்க நாளைக்குப் போலாம். நான் உங்களுக்குச் சாப்பாடு, ரூமு எல்லாம் ஏற்பாடு பண்றேன். என் வீட்டுலயே தங்கிக்கலாம்." அவள் அவன் கையைப் பிடித்திருந்தாள். பிடித்தது அவளுக்கே தெரியவில்லை.

அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முகம் மட்டும் கறுத்துவிட்டது.

"நாளைக்கு எனக்கு சீட்டு இருக்கா?"

இருக்கிறது என்று சொல்ல வேண்டியதுதான். இந்த வாரம் முழுக்கக் கவுண்டரில் எத்தனை பேரிடம், தம்பியிடம் எத்தனை தடவை, அந்த நாளையை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். வாயைத் திறந்தாள்.

"பாத்துத் தர்றேன்," என்றாள்.

"நாலு நாளா அதத்தாம்மா எல்லாரும் சொல்றாங்க. நான் கெளம்பின ஊர்ல ஏர்போர்ட் தரையில படுத்துக் கெடந்தேன்." அவன் குரலில் கோபம் இல்லை. "உங்க ஆளுங்களால உங்களுக்கே தர முடியல. எனக்கு எப்படித் தருவீங்க?"

அவள் கையை விட்டாள்.

"மன்னிச்சுக்குங்கம்மா," என்று அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனான். கொஞ்ச தூரம் போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு குனிந்து உள்ளே நுழைந்தான். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பாலத்தைப் பின்னால் இழுக்கிற ஆள் சுவர் ஓரமாக நின்று, எதையும் பார்க்காதவர் போலக் கையிலிருந்த சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

தம்பிக்கு ஃபோன் போட்டாள்.

"என்னக்கா, இன்னும் கெளம்பலியா?"

"எறக்கி விட்டுட்டாங்கடா."

அந்தப் பக்கம் மெஷினின் டிக் டிக் மட்டும் கேட்டது. வார்டுக்குள்தான் இருக்கிறான்.

"சரி, நாளைக்குப் பாக்கலாம்," என்றான் கடைசியில். "டாக்டர் கால்ல விழுந்தாவது நாளைக்கு வரைக்கும் நான்..."

"நாளைக்கும் இல்ல."

"பாக்காமலே சொல்றியே."

"தெரியும்டா. நாளைக்கும் இல்ல, அதுக்கடுத்த நாளும் இல்ல. உன்கிட்ட நாளைக்கு நாளைக்குன்னு சொன்னதெல்லாம் சும்மா. அவங்கள இனிமே எனக்காக வெச்சிருக்காத." அவள் கண்ணாடிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். "டாக்டர் இருக்காரா? குடு."

"நான் எப்படிக்கா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்றேன். ஃபோனக் குடு."

டாக்டரின் குரல் இளசாக இருந்தது. நீங்கள்தான் மூத்தவரா, வரவில்லையா என்று கேட்டார். வர முடியவில்லை, எடுத்துவிடுங்கள் என்றாள் அவள். வலிக்குமா என்று கேட்டாள். தெரியாதபடி மருந்து கொடுப்போம் என்றார். அவள் நன்றி சொன்னாள். கவுண்டரில் சொல்கிற அதே குரலில் சொல்லிவிட்டோமே என்று பிறகு தோன்றியது.

மறுபடி தம்பி வந்தான். அழுதுகொண்டிருந்தான். பின்னால் நர்ஸ் யாரோ நகையிருந்தால் கழற்றச் சொல்வது கேட்டது.

"காதுல கம்மல் கெடக்குதா?" என்றாள் அவள்.

"ம்."

"நர்ஸ் கிட்ட விடாத. நீயே கழட்டி சட்டைப்பையில போட்டுக்க."

கொஞ்ச நேரம் ஃபோனில் உரசல் சத்தம்.

"வரலக்கா. இறுகிக் கெடக்கு. காது பிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு."

"இழுக்காத. பின்னாடி திருகு இருக்கும். வெரல்ல கொஞ்சம் எண்ணெயோ சோப்போ தடவிக்க. உன் பொண்டாட்டிய அந்தப் பக்கத்துலேர்ந்து கம்மலப் பிடிச்சுக்கச் சொல்லு. நீ திருகுற."

"எந்தப் பக்கம் திருகணும்?"

அவள் ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தன் காதிலிருந்த கம்மலின் பின்பக்கத்தைத் தொட்டுத் திருகிப் பார்த்தாள். வெளியே விமானத்தை வண்டி பின்னால் தள்ளத் தொடங்கியிருந்தது. சட்டாம்பிள்ளை அவளுடைய பையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பாலத்தைப் பூட்ட வேண்டிய சாவிக்காரர் அவர்களை இன்னும் வெளியே கூப்பிடவில்லை.

"உன் பக்கம் பாத்து, கடியார முள்ளு ஓடறதுக்கு எதிரா," என்றாள். "மெதுவா. அவசரமில்ல. சுத்துதா?"

"லேசா சுத்துது."

"விடாத. அப்படியே சுத்து."

"அக்கா, ஒண்ணு வந்துடுச்சு."

"இன்னொண்ணப் பாரு," என்றாள் அவள்.